மீனவர் பாதுகாப்பும் கடல் வானொலி ஒழுங்குமுறையும்

(பெங்களூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெங்களூர் கடலைக் காணாத நகரம். கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்தது. எத்திசையில் புறப்பட்டாலும் கடற்கரையை அடைய 250 கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். இத்தகைய நகரில் கடல் வானொலியின் விதிமுறைகளைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என அவையோரில் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் அரபிக் கடலிலோ வங்கக் கடலிலோ மூழ்கும் நிலையில் உள்ள ஓர் இந்தியப் படகு செயற்கைக்கோள் வழியாக அபய அழைப்பு விடுத்தால், அந்த அழைப்பு வந்து சேருமிடம் இந்நகரே ஆகும். இஸ்ரோ நிறுவனத்தின் தடங்காணும் அமைப்பாகிய இஸ்ட்ராக், பெங்களூரில் இந்தியத் திட்டக் கட்டுப்பாட்டு மையம் ஒன்றை இரவு பகலாக இயக்கி வருகிறது. அழைப்பில் அடங்கிய எண்ணையும் இடத்தையும் அங்கே பிரித்தறிந்து, கடலோரக் காவல் படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்களுக்கு அனுப்புகின்றனர். கப்பலையும் விமானத்தையும் ஏவுவது காவல் படையின் பணி. ஆனால் யாரைத் தேடுவது, எங்கே தேடுவது என்ற இரு கேள்விகளுக்கும் முதல் விடை இங்கிருந்துதான் செல்கிறது.

இந்த ஏற்பாட்டில் கருவிகள் உண்டு; அவற்றைப் பற்றி நாளிதழ்கள் நிறையவே எழுதுகின்றன. கருவிகளை யார், எப்பொழுது, எந்த முறையில் பயன்படுத்துவது என்ற ஒழுங்கு பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. சாலை போட்டால் போக்குவரத்து விதியும் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அலைவரிசைக்கும் அது பொருந்தும் என்பது ஏனோ எளிதில் மனத்தில் பதிவதில்லை.

விதிகள் பிறந்த விதம்

கடல் வானொலி விதிகளுள் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு விபத்துக்குப் பின் எழுதப்பட்டவை. 1912 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, டைட்டானிக் கப்பலின் கம்பியில்லாத் தந்திப் பணியாளர் பயணிகளின் சொந்தச் செய்திகளைக் கரைக்கு அனுப்புவதில் மூழ்கியிருந்தார். அவர் கப்பல் நிறுவனத்தின் ஊழியர் அல்லர். மார்க்கோனி நிறுவனத்தின் ஊழியர். பயணிகளின் தந்திகள் அந்நிறுவனத்திற்கு வருவாய். அருகிலிருந்த கலிபோர்னியன் என்னும் கப்பல், பனிப்பாறைகளிடையே தான் நின்றுவிட்டதாகத் தெரிவிக்க முற்பட்டபோது, குறுக்கிட வேண்டாம் என்று கடிந்து பதில் வந்தது. கலிபோர்னியனில் இருந்த பணியாளர் ஒருவரே. நாள் முழுவதும் உழைத்த அவர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். அதன்பின் சிறிது நேரத்தில் டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. அதன் அழைப்பைக் கேட்டு வந்து எழுநூறுக்கு மேற்பட்டோரைக் காப்பாற்றிய கார்ப்பேத்தியா ஏறத்தாழ 58 மைல் தொலைவில் இருந்தது. அதைவிட அருகில் இருந்த கப்பலில் கேட்பதற்கு ஆள் இல்லை. 1,500க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இந்நிகழ்ச்சியில் கருவி எதுவும் பழுதடையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அபய அழைப்புக்கு வணிகச் செய்தியைவிட முன்னுரிமை என்னும் ஒழுங்கு நடைமுறையில் உறுதிப்படவில்லை. இடைவிடாமல் செவிமடுக்க வேண்டும் என்னும் கடமையும் இல்லை. அதே ஆண்டில் லண்டனில் கூடிய வானொலித் தந்தி மாநாடும், 1914ஆம் ஆண்டின் கடலில் உயிர்க்காப்பு உடன்படிக்கையும் இக்குறைகளைப் போக்க முனைந்தன. இன்றும் கடல் வானொலியில் செய்திகளின் வரிசை மாறவில்லை. முதலில் அபயம், அடுத்து அவசரம், அடுத்துப் பாதுகாப்பு, கடைசியில் மற்ற எல்லாம். முதல் மூன்றுக்கும் உரிய குறிச்சொற்கள் முறையே 'மே டே', 'பான் பான்', 'செக்யூரிடே' என்பன. மூன்றும் பிரெஞ்சு மொழியின் வழி வந்தவை. 'மே டே' என்பது 'எனக்கு உதவுங்கள்' என்ற பொருளுடைய பிரெஞ்சுத் தொடரின் ஒலிப்பு. 1927ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநாட்டில் உலகம் ஏற்றுக்கொண்ட சொல். இன்று ஆங்கிலம் அறியாத மீனவரும் பிரெஞ்சு அறியாத காவல் படை அலுவலரும் அதன் பொருளை ஐயமின்றி உணர்வார்கள்.

பழைய விதிகளுள் அழகானது மௌன நேரம். கப்பலின் வானொலி அறைக் கடிகாரத்தில் 15 முதல் 18 நிமிடம் வரையிலும், 45 முதல் 48 நிமிடம் வரையிலும் சிவப்பு வண்ணம் தீட்டியிருப்பார்கள். அந்த மும்மூன்று நிமிடங்களில் 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் எவரும் பேசலாகாது. உலகத்தின் எல்லாக் கப்பல்களும் வாய் மூடிக் கேட்க வேண்டும். வலுவிழந்த மின்கலத்துடன் எங்கோ தத்தளிக்கும் ஒருவருடைய மெல்லிய குறிப்பு காதில் விழுவதற்காக ஏற்படுத்திய ஏற்பாடு அது. குரல்வழித் தொடர்புக்குரிய 2182 கிலோஹெர்ட்ஸில் ஒவ்வொரு மணியின் முதல் மூன்று நிமிடமும், அரை மணிக்குப் பின்வரும் மூன்று நிமிடமும் மௌனத்திற்கு உரியவை. 1992 முதல் 1999 பிப்ரவரி வரை படிப்படியாக நடைமுறைக்கு வந்த உலகளாவிய கடல் அபய, பாதுகாப்புத் தொடர்பு முறை, மோர்ஸ் குறியீட்டையும் அதற்கென அமர்த்தப்பட்ட பணியாளரையும் ஓய்வு பெறச் செய்தது. கேட்கும் வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. 70ஆம் அலைவரிசையில் பொத்தான் ஒன்றை அழுத்தினால் கப்பலின் ஒன்பது இலக்க எண்ணும் இருப்பிடமும் தாமே செல்லும். இந்தியக் கலங்களின் எண் 419 என்று தொடங்கும்.

ஆனால் இம்முறை பன்னாட்டுப் பயணம் செய்யும் பயணிக் கப்பல்களுக்கும் 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல்களுக்கும் வகுக்கப்பட்டது. தேங்காய்ப்பட்டணத்திலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ புறப்படும் மீன்பிடி விசைப்படகு இதன் கட்டாய எல்லைக்குள் வருவதில்லை. பெருங்கப்பலில் தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற்ற அதிகாரி இருக்கிறார். விசைப்படகில் வயர்லெஸ் இருக்கிறது. அதைக் கையாள்வதற்கு முறையாக யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

பதினாறாம் அலைவரிசை என்னும் பொதுச் சொத்து

மீனவர் படகுகளில் இருக்கும் வி.எச்.எப். வயர்லெஸ்ஸில் 16ஆம் அலைவரிசை, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், அபய அழைப்புக்கும் முதல் அழைப்புக்கும் உரியது. அங்கே ஒருவரைக் கூப்பிடலாம். அவர் பதிலளித்ததும் இருவரும் வேறு அலைவரிசைக்குச் சென்றுவிட வேண்டும். அபயம் தவிர்ந்த எந்த அழைப்பும் ஒரு நிமிடத்திற்கு மேல் நீடிக்கக் கூடாது. பேசத் தொடங்குமுன் வேறு எவரேனும் பேசுகிறாரா எனக் கேட்டறிய வேண்டும்.

மிக எளிய விதிகள். இவை ஏன் மீறப்படுகின்றன என்பதைப் பொருளாதாரம் படித்தவர்கள் உடனே புரிந்துகொள்வர். ஊர்ப் பொது ஏரியிலிருந்து ஒருவர் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் நீர் அவருக்கு இலாபம். இழப்பு ஊர் முழுவதற்கும் பங்கிடப்படுகிறது. 16ஆம் அலைவரிசையில் மீன் விலையையும் வீட்டுச் செய்தியையும் பேசுபவருக்குச் செலவு ஒன்றுமில்லை. எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும் அலைவரிசையாதலால் நண்பர் எளிதில் கிடைக்கிறார் என்ற வசதி வேறு. இழப்பு நேர்வது, அதே நொடியில் அழைக்க முயலும் யாரோ ஒருவருக்கு. ஒரே அலைவரிசையில் இருவர் பேசினால் அருகிலுள்ளவரின் வலுவான ஒலி தொலைவிலுள்ளவரின் குரலை முற்றிலும் மூடிவிடும் என்பது இத்தகைய கருவிகளின் இயல்பு. ஆகவே பேச்சை அழுத்தும் விசை சிக்கிக்கொண்டு ஓயாமல் ஒலிபரப்பும் ஒரு பழைய மைக் கூட அப்பகுதியில் 16ஆம் அலைவரிசையைச் செயலிழக்கச் செய்துவிடும்.

ஏரிக்கு நீர்ப்பங்கீடு செய்யும் நீர்க்கட்டியை ஊர் நியமித்தது. கடலில் நீர்க்கட்டி யார்? உரிமம் வழங்கும் அரசுத் துறை கரையில் இருக்கிறது; படகுகள் கரையிலிருந்து நூறு மைலுக்கு அப்பால் இருக்கின்றன. இந்நிலையில் விதியை நிலைநிறுத்தக் கூடியவர்கள் படகோட்டிகளே. மீன்பிடித் தொழிலில் வலை போடும் முறை, இடம், நாள் ஆகியவற்றில் ஊர்க்கட்டுப்பாடு என்பது புதியதன்று. அதே கட்டுப்பாட்டை அலைவரிசைக்கும் நீட்டிப்பது, எந்தத் தண்டனைச் சட்டத்தைக் காட்டிலும் விரைவில் பயன் தரும்.

அபய அழைப்பின் அமைப்பு

அபய அழைப்பு விடும் வரிசையும் தற்செயலானதன்று. 'மே டே, மே டே, மே டே. இது கடல்மணி, கடல்மணி, கடல்மணி' என்று தொடங்க வேண்டும். கலத்தின் அடையாள எண் இருந்தால் அடுத்து அதைச் சொல்ல வேண்டும். பிறகு, 'மே டே கடல்மணி. 8 பாகை 30 கலை வடக்கு, 76 பாகை 42 கலை கிழக்கு. நீர் புகுந்து மூழ்குகிறோம். உடனடி உதவி தேவை. பதினோரு பேர் இருக்கிறோம். ஓவர்.' இவ்வளவே. பதற்றத்தில் இருக்கும் மனிதர் இயல்பாகக் காரணத்தை முதலில் சொல்லுவார்: இயந்திரம் நின்றது, அலை அடித்தது, இன்னார் விழுந்தார் என்று. விதியோ இடத்தை முதலில் கேட்கிறது. நீர் மின்கலத்தை எட்டியவுடன் வயர்லெஸ் அணைந்துவிடும். இடம் தெரிந்தால் காரணம் தெரியாமலேயே காப்பாற்றலாம்; காரணம் முழுவதும் தெரிந்து இடம் தெரியாவிட்டால் எதுவும் செய்ய இயலாது.

இடத்தைச் சொல்வதிலும் ஒரு கண்ணி உண்டு. ஜி.பி.எஸ். கருவி சில படகுகளில் பாகையும் கலையுமாகக் காட்டும். சிலவற்றில் பாகையைத் தசமத்தில் காட்டும். திரையில் 8.30 என்று கண்டு '8 பாகை 30' எனச் சொன்னால், கேட்பவர் அதனை 8 பாகை 30 கலை என்று கொள்வார். உண்மையிலோ 8.30 பாகை என்பது 8 பாகை 18 கலை. வேறுபாடு 12 கலை. ஒரு கலை ஒரு கடல் மைலாதலால், தேடும் கப்பல் 12 கடல் மைல் தள்ளிச் செல்லும். எண்களைத் தனித்தனி இலக்கமாகச் சொல்ல வேண்டும் என்ற விதி தமிழுக்கு மிகவும் பொருந்துவது. இரைச்சலில் 'எழுபது' 'எண்பது' என ஒலிக்கும். 'ஏழு, சுழியம்' ஒலிக்காது.

இவ்விடத்தில் மீனவரின் தயக்கம் ஒன்றையும் மதிக்க வேண்டும். நல்ல மீன்பாடு கிடைத்த இடம் அவருடைய முதலீடு. அதை ஊரறிய உரைப்பது தொழிலுக்கு இழப்பு. எனவே வயர்லெஸ்ஸில் இடத்தை மறைத்துப் பேசும் பழக்கம் வளர்ந்ததில் வியப்பில்லை. கரையின் அடையாளங்களைக் கொண்டு இடம் குறித்த முன்னோருக்கும், கொண்டல், வாடை, சோழகம் எனக் காற்றைப் பெயரிட்டு அறிந்தவருக்கும் கடலைப் பற்றிக் கற்பிக்க அலுவலகத்தாரிடம் எதுவும் இல்லை. மறைக்கும் பழக்கமுடைய நா, ஆபத்து வேளையில் தயங்காமல் இடத்தைச் சொல்லப் பயில வேண்டும் என்பது மட்டுமே வேண்டுகோள்.

ஒக்கி காட்டிய எல்லை

2017 நவம்பர் 29ஆம் நாள் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையிலேயே கன்னியாகுமரிக்குத் தெற்கே ஒக்கிப் புயலாக வலுத்தது. தூத்தூர் வட்டாரத்தின் ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். அவர்களுள் பலர் அறிவிப்புக்கு வெகு நாள் முன்னரே புறப்பட்டு, கரைக்கு எட்டாத தொலைவில் இருந்தனர். எச்சரிக்கை அவர்களைச் சென்றடைய வழியில்லை. அவர்கள் குரல் கரையை வந்தடையவும் வழியில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் திரும்பாமற்போனவர்களின் வீடுகளில் மாதக்கணக்கில் விடை தெரியாத காத்திருப்பு நிலவியது. இறப்பு உறுதியாகாததால் நிவாரணம் பெறுவதிலும் இடர்ப்பாடு நேர்ந்தது.

இதற்குக் காரணமான கணக்கு எளியது. வி.எச்.எப். அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்லும். பூமியின் வளைவு அதை மறைக்கும். கடல் மட்டத்திலிருந்து நான்கு மீட்டர் உயரத்தில் ஏரியல் கட்டிய இரு படகுகள் 16 கிலோமீட்டர் அளவிலேயே ஒன்றையொன்று கேட்க முடியும். கரையில் 100 மீட்டர் கோபுரம் இருந்தாலும் எல்லை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கருவியின் ஆற்றலைப் பெருக்குவதால் இவ்வெல்லை பெரிதாக நீள்வதில்லை. ஆகவேதான் 'மே டே ரிலே' என்ற விதி உள்ளது. அபய அழைப்பைக் கேட்டு, வேறு எவரும் பதிலளிக்காததைக் கண்டவர், அதைத் தம் பெயருடன் சேர்த்து அடுத்தவருக்கு அஞ்சல் செய்ய வேண்டும். கூட்டமாகத் தொழில் செய்யும் நம் படகுகளுக்கு இதைவிடப் பயனுள்ள விதி வேறில்லை. எனினும் புயலில் சிதறிய படகுகளுக்கு இச்சங்கிலி அறுந்துபோகும். அங்கேதான் வானத்தின் உதவி தேவைப்படுகிறது.

பெங்களூரின் பதிவேடு

காஸ்பாஸ்-சார்சாட் என்னும் பன்னாட்டு ஏற்பாடு 1979ஆம் ஆண்டு சோவியத் ஒன்றியம், அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் ஆகிய நாடுகளின் கூட்டு முயற்சியில் உருவாயிற்று. பனிப்போர்க் காலத்தில் இவை கைகோத்த அரிய துறைகளுள் இதுவும் ஒன்று. 1982 செப்டம்பரில் கனடாவில் விழுந்த சிறு விமானத்தில் இருந்தவர்கள் இதன்மூலம் முதன்முதலாகக் காப்பாற்றப்பட்டனர். இந்தியாவும் இதில் சேர்ந்து, பெங்களூரிலும் லக்னோவிலும் தரை நிலையங்களை அமைத்தது. 1992இல் ஏவிய இன்சாட்-2ஏ முதலாகப் பல செயற்கைக்கோள்களில் 406 மெகாஹெர்ட்ஸ் அபயக் குறிப்பைப் பெறும் கருவியை வைத்தது. நம் நாட்டுக்கு மட்டுமன்றி இலங்கை, மாலத்தீவு, வங்கதேசம் முதலிய அண்டை நாடுகளுக்கும் பெங்களூர் மையம் இப்பணியை ஆற்றுகிறது.

406 மெகாஹெர்ட்ஸ் கருவி ஏறத்தாழ 50 நொடிக்கு ஒருமுறை, அரை நொடி நேரம், தன் எண்ணைச் சொல்லும். அது பேசாது, கதை சொல்லாது. அந்த எண் யாருடையது என்பது பதிவேட்டில் இருந்தால், பெங்களூரில் உள்ளவர் உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்து, 'படகு கடலில் உள்ளதா, எத்தனை பேர்' என்று சில நிமிடங்களில் அறியலாம். பதிவு இல்லையெனில், அல்லது படகு விற்கப்பட்டுப் பழைய உரிமையாளரின் எண்ணே இருந்தால், தேடல் இருட்டில் தொடங்குகிறது.

உலகெங்கும் இத்தகைய கருவிகளிலிருந்து வருபவற்றுள் மிகப் பெரும்பாலானவை உண்மையான ஆபத்தால் எழுந்தவை அல்ல. கழுவும்போது பொத்தான் அழுந்தியது, சிறுவர் விளையாட்டு, பழைய கருவியைக் குப்பையில் எறிந்தது ஆகியவையே காரணம். இவற்றைத் தடுப்பதை விட, நிகழ்ந்தபின் என்ன செய்வது என்பதே முக்கியம். தவறுதலாக அழுந்திவிட்டால் அஞ்சிக் கருவியை அணைத்துவிட்டு மௌனமாக இருந்துவிடக் கூடாது. திடீரென நின்றுபோன குறிப்பு, மூழ்கிய படகின் குறிப்பைப் போலவே தோன்றும். கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணுக்கோ, வயர்லெஸ்ஸிலோ தவறு என்று தெரிவித்துவிட வேண்டும். தண்டனைக்கு அஞ்சி ஒருவர் மறைத்தால் விமானம் வீணே பறக்கும். எனவே தாமாக முன்வந்து சொல்பவரிடம் அதிகாரிகள் கடுமை காட்டாதிருப்பது நிர்வாக வகையில் சிக்கனமே ஆகும்.

மீனவருக்கென இஸ்ரோ வடிவமைத்த டி.ஏ.டி. என்னும் அபயக் கருவி 2010 முதல் இயங்கி வருகிறது; 20,000க்கு மேற்பட்டவை படகுகளில் சேர்ந்தன. அதன் பெருங்குறை, ஒருவழித் தொடர்பு என்பது. பொத்தானை அழுத்தியவருக்கு அது யார் காதிலாவது விழுந்ததா எனத் தெரியாது. 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட இரண்டாம் தலைமுறைக் கருவி, அழைப்பு கிடைத்தது என்ற மறுமொழியைப் படகுக்குத் திருப்பி அனுப்புகிறது. கைப்பேசியுடன் இணைத்துத் தாய்மொழியில் செய்தியைப் படிக்கலாம். புயல் எச்சரிக்கையும், பன்னாட்டுக் கடல் எல்லையை நெருங்கும் எச்சரிக்கையும் அதன்வழி வரும். இராமேசுவரம் மீனவருக்கு இந்தக் கடைசி வசதி எவ்வளவு பெரியது என்பதை விளக்க வேண்டியதில்லை. அதே 2024 ஆகஸ்டில், பிரதமரின் மீன்வளத் திட்டத்தின்கீழ் 364 கோடி ரூபாய்ச் செலவில் ஒரு இலட்சம் மீன்பிடிக் கலங்களில் செயற்கைக்கோள் தொடர்புக் கருவியை இலவசமாகப் பொருத்தும் பணி தொடங்கி வைக்கப்பட்டது. படகு ஒன்றுக்குச் சராசரி 36,400 ரூபாய்.

இத்தொகையில் கருவிக்குப் பங்கு உண்டு. பயிற்சிக்கும் பதிவேட்டைப் புதுப்பிப்பதற்கும் ஆண்டுதோறும் பணம் தேவைப்படும். அது ஒருமுறைச் செலவு அன்று. திட்டங்களில் முதலீட்டுச் செலவு எளிதில் ஒப்புதல் பெறுவதும் பராமரிப்புச் செலவு பின்தங்குவதும் பாசனக் கால்வாய் முதல் ஊராட்சிக் குழாய் வரை கண்டறிந்த ஒன்றே. பயிற்சியின் மொழியும் கவனத்திற்குரியது. 2001இல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு ஏற்ற சீர்மைத் தொடர்கள் ஆங்கிலத்தில் உள்ளன. கப்பல்களுக்கு அது சரி. படகுகள் தமக்குள்ளும் சென்னை மீட்பு மையத்துடனும் பேசும்போது தமிழே இயல்பு. குறிச்சொல் 'மே டே' என்றே இருக்கட்டும். பின்வரும் இடமும் எண்ணும் தேவையும் எந்த வரிசையில் வரவேண்டும் என்பதை ஒரே சீரான தமிழில் ஓர் அட்டையில் அச்சிட்டு ஒவ்வொரு வயர்லெஸ்ஸின் அருகிலும் ஒட்டலாம். அண்டையில் செல்லும் அயல்நாட்டுச் சரக்குக் கப்பலை அழைப்பதற்கு ஆங்கிலத்தில் ஐந்தாறு தொடர்கள் போதும்.

இதற்கான காலமும் தயாராகவே உள்ளது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்த 61 நாட்களில் படகுகள் கரையேற்றப்பட்டுப் பழுது பார்க்கப்படுகின்றன. மீன்வளத் துறையினர் ஒவ்வொன்றாக ஆய்வு செய்கின்றனர். பலகையையும் இயந்திரத்தையும் பார்க்கும் அதே வேளையில் மின்கலத்தின் காலக்கெடு, மைக்கின் விசை, ஜி.பி.எஸ். காட்டும் முறை, பெங்களூர்ப் பதிவேட்டில் உள்ள பெயரும் தொலைபேசி எண்ணும் ஆகிய நான்கையும் சரிபார்க்க, ஒரு படகுக்குப் பத்து நிமிடத்திற்கு மேல் ஆகாது.